நீ மாட்டிய டயர்களைக் கழற்றிவிட்டேன்

விக்கி,

நீ நன்றாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நேற்று திவ்யா அனுப்பிய போட்டோவில் உன் கன்னம் இரண்டும் கொஞ்சம் உப்பியிருக்கிறது. கல்யாணமான கையோடு ஆண்பிள்ளை உப்பினால் அந்த வீட்டில் சாப்பாடு சரியாக நடக்கிறது என்று அர்த்தம். யார் சமைக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரையால் மங்கிய கண் அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. வாய் மட்டும் கூடியிருக்கிறது. நான் எழுத எழுத வாசித்துக் காட்டச் சொல்லி எதிரே உட்கார்ந்திருக்கிறார். நடுவில் எங்காவது கோணலாக ஒரு வரி வந்தால் அது அவர் சொல்லி எழுதியது என்று வைத்துக்கொள்.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒன்று ஆரம்பிப்பதற்குள் நீ "சரிமா, நான் பாத்துக்கறேன்மா" என்று முடித்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். இரண்டு சேதி. ஒன்று, நம் பிக்கப் வண்டிக்கு நீ ஆசை ஆசையாக மாட்டிய பெரிய டயர்களைக் கழற்றிவிட்டேன். இன்னொன்று, ஓசூர் வேலையை விட்டுவிட்டு வண்டி ஓட்டத் திரும்பி வருகிறேன் என்று போன வாரம் சொன்னாயே, அது வேண்டாம். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்த சேதிதான். முதலாவதைக் கேட்டுக் கோபப்பட்டுக் காகிதத்தைக் கீழே வைத்துவிடாதே. இரண்டாவதற்கு நான் வந்து சேர வேண்டும்.

டயர் போட்ட கதையை உனக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ அதை ஸ்டியரிங் பக்கத்திலிருந்து பார்த்தாய், நான் வேறு பக்கத்திலிருந்து பார்த்தேன். என் பக்கத்தையும் கேள். திருப்புட்குழிக்கு அந்தாண்டை ஏரிக்கரையை ஒட்டிய அந்தக் கல்யாணத்தில் ஆரம்பித்தது எல்லாம். ஐப்பசி மழை. நம் அண்டாவும் தேக்சாவும் நாற்காலியும் ஏற்றிக்கொண்டு நீ போனாய், நானும் நம்மிடம் வேலை பார்க்கிற எஸ்தரும் பின்னால் பாத்திரத்தோடு பாத்திரமாக உட்கார்ந்து வந்தோம். சேற்றில் பின் சக்கரம் இறங்கியது. நீ ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அது குழி தோண்டிக்கொண்டது. பாத்திரம் போய்ச் சேராமல் சமையல்காரர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெண்ணின் தாய்மாமன் எல்லோர் முன்னாலும் உன்னைப் பிடித்துக்கொண்டார். "வண்டி ஓட்டத் தெரியலன்னா மாட்டு வண்டி வெச்சுக்கோப்பா" என்றார். உன் காது சிவந்தது. எனக்கு அந்த ஆளைக் கரண்டியால் ஒன்று போடலாமா என்றிருந்தது. வாடகைக்குப் பாத்திரம் விடுகிறவர்கள் அப்படியெல்லாம் செய்ய முடியாது.

அன்றிலிருந்து உன் கையில் போனும், போனில் டயரும்தான். மலையேறும் வண்டி, மணலில் பாயும் வண்டி என்று வெளிநாட்டுக்காரன் வீடியோ போட்டால் அதையெல்லாம் பார்த்தாய். அகலமாக, உயரமாக, பல் பல்லாக இருக்கும் டயர் போட்டால் எந்தச் சேறும் ஒன்றும் செய்யாது என்றாய். அப்பா "விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்டா" என்றார். நான் அவரை அதட்டினேன். நினைவிருக்கிறதா? உன்னோடு பாயின் டயர் கடைக்கு நானே வந்தேன். பாய் டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு, உன்னிடம் பேசாமல் என்னிடம் பேசினார்.

"போடலாம்மா. உக்காரும். ஆனா கம்பெனி ரிம்மு ஒல்லி, டயரு அகலம் ஜாஸ்தி. வயிறு தள்ளிக்கினு நிக்கும். போடறதுன்னா ரிம்மையும் சேத்து மாத்திடுங்க. அதுக்கும் மேல பிரேக்கு, கியரு எல்லாம் இந்தச் சைஸுக்குன்னு கம்பெனிக்காரன் கணக்குப் பண்ணி வெச்சிருக்கான்."

"ரிம்மு அப்புறம் பாத்துக்கலாம் பாய்" என்றாய் நீ.

"எம் புள்ள சொல்ற மாதிரியே போட்டுடுங்க" என்றேன் நான்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அந்தத் தாய்மாமன் பேசியதை உன் முகத்திலிருந்து எப்படியாவது துடைத்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். டயரைப் பற்றி எனக்கு என்ன தெரியும். கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நீ வண்டியை நகர்த்தியபோது ஊரே திரும்பிப் பார்த்தது. வண்டி நிமிர்ந்து நின்றது. நீயும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை இப்போதும் மறுக்க மாட்டேன்.

சேற்றுக்கு அந்த டயர் நல்ல டயர்தான். அந்த மழைக்காலம் முழுதும் நாம் எங்கும் மாட்டவில்லை. ஆனால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்தால் முன் சக்கரம் எதிலோ உரசிக் கர்ரென்று ஒரு சத்தம். "போகப் போகச் சரியாயிடும்மா" என்று சொல்லி, மட்கார்டின் உள்ளே இருந்த பிளாஸ்டிக்கை ஆக்ஸா பிளேடால் அறுத்து எடுத்தாய். சத்தம் பாதியானது. பாதியானதும் தீர்ந்துவிட்டது என்று நாமெல்லோரும் ஒப்புக்கொண்டோம். நம் வீட்டு வழக்கம் அது, எந்தச் சிக்கலும் பாதி தீர்ந்தால் நமக்குப் போதும். மேடு ஏறினால் கிளச் கருகும் வாசனை. டயரில் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து இரண்டு ஓரமும் புதிதாகவே இருந்தது. மீட்டர் காட்டுகிற வேகம் ஒன்று, வண்டி போகிற வேகம் ஒன்று. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது என்று பின்னால் பாய்தான் விளக்கினார். பெங்களூர் ரோட்டில் போகும்போது உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மெதுவாத்தானேப்பா போற, ஆனா காத்து மட்டும் வேகமா அடிக்குது" என்றார். கண் தெரியாத மனுஷர் சொன்னதைக் கண் தெரிந்த நாம் சிரித்துத் தள்ளினோம். இதை எழுதும்போது "நல்லா எழுது, நல்லா எழுது" என்கிறார்.

பிள்ளையார்பாளையத்துக் கல்யாணத்தை நீ மறந்திருக்க மாட்டாய். காலை டிபனுக்குப் பாத்திரம் இறக்க வேண்டும், விடிந்தும் விடியாமல் தெருவுக்குள் திரும்பிவிட்டாய். உள்ளே தறிக்குப் பாவு போட்டிருந்தார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு இழையை இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை இழையாகச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பாவு கட்டிய தெருவில் எந்த வண்டியும் போகாது. எல்லோரும் பக்கத்துச் சந்தில் ஒடித்துத் திரும்பிச் சுற்றிப் போவார்கள். பழைய டயரில் நீயும் எத்தனையோ தடவை அங்கே ஒரே ஒடிப்பில் திருப்பியவன்தான். அன்று டயர் உரசி நின்றது. முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி, மறுபடி முன்னே. பாவில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டு இழை மேல் கையை வைத்துக் காவல் காத்தார்கள். கடைசியில் நீ இஞ்சினை அணைத்தாய். மண்டபத்திலிருந்து நாலு பேர் வந்து, பாவை உரசாமல் சுவரோரமாக ஒவ்வொரு அண்டாவாகத் தூக்கிப் போனார்கள். பாவு பிடித்திருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடி அருகில் வந்து மெதுவாகத்தான் சொன்னார். "வண்டி பெருசாயிடுச்சுப்பா. தெரு அதே தெருவாத்தான் இருக்குது."

அன்று எனக்கு உன் மேல் கோபமே வரவில்லை. அவர் மேல்தான் வந்தது. உன்னை யாராவது ஒன்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்கும் புத்தி எனக்கு வருவதே இல்லை. திவ்யாவுக்கு இந்தப் புத்தி இருக்கட்டும், எனக்கு இல்லாமல் போனது போனதுதான்.

இனி நீ பார்க்காத பக்கத்தைச் சொல்கிறேன். நீ வண்டியை ஓட்டுகிறவன். ஏற்றி இறக்கியது நானும் எஸ்தரும். பெரிய அண்டாவை நாங்கள் எப்படி ஏற்றுவோம் தெரியுமா? கோணியை விரித்து, அண்டாவின் விளிம்பில் உருட்டிக்கொண்டு வந்து, பின் கதவின் மேல் சாய்த்து, இடுப்பில் தாங்கி, முழங்காலால் ஒரு உந்து உந்தினால் அது தானாக உள்ளே வழுக்கிப் போகும். இருபது வருஷமாக எங்கள் இடுப்பும் அந்தக் கதவும் ஒரே உயரம். நீ டயர் மாற்றிய அன்று கதவு மூன்று விரற்கடை உயர்ந்தது. மூன்று விரல் என்றால் உனக்குச் சிரிப்பாக இருக்கும். இடுப்பில் தாங்கியதை நெஞ்சில் தாங்க வேண்டியதாயிற்று. நெஞ்சில் வைத்துக்கொண்டு முழங்காலால் உந்த முடியாது. கைதான் தூக்க வேண்டும். முதல் மாதம் எனக்குத் தோள் விட்டுப்போனது. எஸ்தருக்கு முதுகு. செங்கல் அடுக்கி அதன் மேல் ஒரு பலகை போட்டு ஏறி நின்று தூக்கப் பழகினோம். "எதுக்குமா பலகை?" என்று நீ ஒருநாள் கேட்டாய். சேறு ஒட்டாமல் இருக்க என்றேன். நீயும் நம்பிவிட்டுப் போனாய்.

எஸ்தர் ஒருநாள் பொறுக்க முடியாமல் என்னைக் கேட்டாள். "ஏன்க்கா, தம்பிகிட்ட ஒரு வார்த்த சொன்னா கேக்காதா?"

"கேப்பான். கேட்டுட்டு டயரக் கழட்டிடுவான்."

"அதானேக்கா வேணும்."

"கழட்டிட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குவான். அத யாரு பாக்கறது?"

எஸ்தர் முந்தானையைச் செருகிக்கொண்டு, "நல்ல அம்மாக்கா நீ. உன் புள்ள மூஞ்சிக்கு என் முதுகு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அது என் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது. உன்னிடம் சொல்லாமல் இருந்தது பாசம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பாரத்தைப் பாதி சுமந்தவள் அவள். அவளை யாரும் கேட்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், வண்டியில் ஒன்றை மாற்றினால் அது அந்த ஒன்றோடு நிற்பதில்லை. டயர் உன் ஆசை. அதை ரிம் தாங்க வேண்டும், கிளச் தாங்க வேண்டும், எஸ்தர் முதுகு தாங்க வேண்டும். நீ பொல்லாதவன் இல்லை. எங்களிடம் கேட்டிருந்தால் நாங்கள் சொல்லியிருப்போம், சொல்லியிருந்தால் நீ கேட்டிருப்பாய். நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குடும்பம் நடத்தப்போகிற பிள்ளைக்கு அம்மா என்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்று கல்யாணத்தன்று எனக்குத் தெரியவில்லை. பூமாலையும் போட்டோவுமாக இருந்த கூட்டத்தில் "நேரத்துக்குச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னேன். இப்போது தெரிகிறது. எதையாவது மாற்றப்போகிறாய் என்றால், அதைத் தூக்கப்போகிறவர்களிடம் முதலில் கேள். அவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். உன்மேல் பிரியம் இருக்கிறவர்கள் சொல்லவே மாட்டார்கள். பலகை போட்டுக்கொள்வார்கள்.

நீ ஓசூருக்குப் போன பிறகு இங்கே என்ன நடந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். டிரைவர் ஒருவரை வைத்தோம். முகூர்த்த நாளில் அவர் போனை எடுக்க மாட்டார், மற்ற நாளில் நம் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். ஒரு கல்யாணத்துக்கு ஆட்டோவில் பாத்திரம் ஏற்றிப் போனோம். அதை உன் அப்பா உன்னிடம் உளறிவிட்டார். அதைக் கேட்டுத்தான் நீ, "நான் இல்லாம நீங்க ரெண்டு பேரும் என்னமா பண்ணுவீங்க, நான் வந்துடறேன், வண்டிய யாரும் தொடாதீங்க" என்று சொன்னாய்.

விக்கி, அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்தது என்று உண்மையைச் சொல்கிறேன். சந்தோஷமாக இருந்தது. வா என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. காலையில் நீ பல் தேய்த்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வருவது, நான் உன்னைத் திட்டுவது, அப்பா ரேடியோவை உயர்த்துவது எல்லாம் கண்முன் வந்தது. அன்று முழுவதும் ஒரு வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் உன் அப்பாதான், "அந்தப் பொண்ணுக்கு அங்க ஆஸ்பத்திரில வேல போட்டு எவ்ளோ நாள் ஆவுது?" என்று கேட்டார். நீ திரும்பி வருவதைப் பற்றி திவ்யாவிடம் கேட்டாயா என்று உன்னை நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் அவளுக்கே போன் போட்டேன். "அவரு சொன்னாருமா. நீங்க ரெண்டு பேரும் கஷ்டப்படறீங்க இல்ல, பரவால்லமா, நான் அங்கயே எதுனா பாத்துக்கறேன்" என்றாள். எவ்வளவு இதமாகச் சொன்னாள் தெரியுமா. அந்த இதத்தைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பலகை போட ஆரம்பித்துவிட்டாள் என்று புரிந்துபோயிற்று.

அதற்கு மேல் நான் செய்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். காஞ்சிபுரத்தில் டிரைவிங் ஸ்கூலில் நீ ஓசூருக்குப் போனதுமே சேர்ந்துவிட்டேன், லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது. அதை உனக்குப் பொங்கலுக்குச் சொல்லி அசத்தலாம் என்றிருந்தோம். ஸ்கூல் கார் வெண்ணெய் மாதிரி ஓடியது. நம் வண்டியில் ஏறினேன், நரகம். ஏறுவதற்கே புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியிருந்தது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்ப என் இரண்டு கையும் எஸ்தரின் ஒரு கையும் வேண்டியிருந்தது. கூரம் போகிற ரோட்டில் வளைவில் ஒடித்தேன், அந்தக் கர்ரென்ற சத்தம் வந்தது, ஸ்டியரிங் ஒரு நொடி என் பேச்சைக் கேட்கவில்லை. எதிரே யாரும் வரவில்லை. வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு இரண்டு பேரும் தண்ணீர் குடித்தோம். நேராகப் பாய் கடைக்கு ஓட்டிப் போனேன்.

"தம்பிகிட்ட கேட்டீங்களாமா?" என்றார் பாய்.

"ஆர்சி புக்கு எம் பேர்ல இருக்குது பாய்."

"சரிதான். இருந்தாலும் அவரு ஆசப்பட்டு வாங்கினது. அப்புறம் எங்கிட்ட பேஜாரு பண்ணக் கூடாது."

"அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன். கம்பெனி சைஸு போடுங்க."

ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைக் கழற்றினார். கழற்றியவர் அதைத் தரையில் போடாமல் உள்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் வைத்து, என்னைக் கிட்டே கூப்பிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் புது டயர். உள்பக்கச் சுவரில் கத்தியால் கீறிய மாதிரி வட்டமாக ஒரு தடம். முழுதும் ஒடிக்கும்போதெல்லாம் அது உள்ளே இரும்பில் உரசி, ரப்பர் போய், உள்ளே இருக்கும் நூல் பிசிறு தெரிந்தது. மறுபக்கத்து முன் டயரும் அப்படியே.

"இது எப்ப வேணாலும் வெடிச்சிருக்கும்மா" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "ரிம்மு மேல தப்பில்ல, டயரு மேலயும் தப்பில்ல. தனித்தனியா ரெண்டும் நல்ல பொருளு. ஒல்லி ரிம்முல உக்காந்ததால வயிறு வெளிய வந்துச்சு, வந்ததால உரசுது."

நான் அந்த நூல் பிசிறைக் கையால் தடவிப் பார்த்தேன். கல்யாணத்துக்கு மறுநாள் திவ்யாவை முன்னால் உட்காரவைத்து, சொந்தக்காரர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நீ கோயிலுக்குப் போனது இந்தச் சக்கரத்தில்தான். பெங்களூர் ரோட்டில், மீட்டருக்குத் தெரியாத வேகத்தில். பாய் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவர் பாவம், டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். உன் ஆசையைக் கழற்றுகிறோமே என்று வழியெல்லாம் எனக்கு இருந்த உறுத்தல் அந்த டீ வருவதற்குள் போய்விட்டது. முன் டயர் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டேன், அதை வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று அறுத்துப் போடச் சொன்னேன். பின் டயர் இரண்டும் பழுதில்லை, ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது. அது உன் பொருள். நாளைக்கு உனக்கென்று ஒரு வண்டி வாங்கி, அதற்குத் தக்க ரிம்மும் வாங்கினால் தாராளமாக வந்து எடுத்துக்கொண்டு போ. ஆசை வேண்டாம் என்று நான் எப்போதும் சொல்ல மாட்டேன்.

போன முகூர்த்தத்துக்கு முதல் ஓட்டம். திருப்புட்குழி பக்கம்தான், அதே ஏரிக்கரை. கதவு பழையபடி எங்கள் இடுப்புக்கு இறங்கியிருந்தது, பலகை இல்லாமல் அண்டாவை ஏற்றினோம். எஸ்தர் முழங்காலால் ஒரு உந்து உந்திவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "யேசப்பா, கதவு வீட்டுக்கு வந்துச்சு" என்றாள். நான் ஓட்டினேன். மெதுவாகத்தான். சைக்கிள்காரர் ஒருவர் என்னை முந்திப் போனார், போகட்டும். சேற்றில் என்ன ஆயிற்று என்று கேட்பாய். மாட்டிக்கொண்டது. மறைக்க மாட்டேன், உன் டயர் இருந்திருந்தால் மாட்டியிருக்காது. எனக்கு உன்னைப் போலக் காது சிவக்கவில்லை. இறங்கிப் போய் மண்டபத்து வாசலில் நின்று, "வண்டி சேத்துல மாட்டிக்கினு இருக்குது, சாப்பாடு வேணும்னா நாலு பேர் வாங்க" என்றேன். எட்டு பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார், வேட்டியெல்லாம் சேறு. பந்தியில் எனக்கு இரண்டு தடவை பாயசம் ஊற்றச் சொன்னார்கள். உதவிக்கு ஆளைக் கூப்பிடுவது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே உனக்குச் சொல்லியிருப்பேன். நீயும் நானும் அவமானப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து டயர் தேடியிருக்க வேண்டாம்.

ஆகவே நீ கேட்ட கேள்விக்குப் பதில் இது. நீ இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்வோம் என்றாயே, இதைத்தான் செய்வோம். கொஞ்சம் திண்டாடுவோம், கொஞ்சம் மாட்டிக்கொள்வோம், தள்ள ஆள் கூப்பிடுவோம். முகூர்த்தம் இரண்டு சேர்ந்து வந்தால் ஒன்றை விட்டுவிடுவோம். நமக்கு அது போதும். எங்களுக்காக நீ வந்தால் எங்கள் சிரமம் தீர்ந்து, அந்தப் பெண்ணின் தலையில் ஏறும். அவள் தூக்குவாள். முணுமுணுக்கக்கூட மாட்டாள். அதுதான் எனக்குப் பயம். இதை நீ வாசிக்கிற நேரம் அவள் டியூட்டி முடிந்து வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்காரவைத்து, உனக்கு அந்த ஆஸ்பத்திரி வேலை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று கேள். கேட்டுவிட்டு நீ வாயைத் திறக்காதே. அவள் "பரவால்ல" என்று ஆரம்பித்தால் அது பதில் இல்லை, இன்னும் கொஞ்சம் காத்திரு.

உன் அப்பா, "வர வேணாம்னு எழுதறியே, புள்ள தப்பா எடுத்துக்கப் போறான்" என்கிறார். அதனால் தெளிவாகவே எழுதுகிறேன். நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். அது என் பாடு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்கு வராதே. வீட்டுக்கு வா. பொங்கலுக்கு இரண்டு பேரும் பெங்களூர் பஸ் பிடித்து வந்து பாலுசெட்டிச் சத்திரத்தில் இறங்குங்கள். ஆட்டோ பேசாதே. ரோட்டோரம் நிழலாகப் பார்த்து நில்லுங்கள், நான் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். ஜன்னல் பக்கம் திவ்யா, நடுவில் நீ. நான் ஓட்டுவேன். வீடு வந்து சேரும் வரைக்கும் நீ ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து வர வேண்டும்.

அம்மா